பிடியாணையில் என் பெயர்

கவுண்டரில் இருந்த அதிகாரி என்னுடைய கடவுச்சீட்டை இரண்டாம் தடவையும் மெஷினில் வைத்தார். முதல் தடவை வைத்தபோது அவருடைய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் தடவை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்தின் கைக்குழந்தை என் தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் கழிந்த நேரம். சென்னை விமானத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் சொச்சமும் இருந்தது.

அதிகாரி பெருவிரலை வைக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். பச்சை வெளிச்சம் வந்தது. பிறகு கமராவைப் பார்க்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அவர் எதையோ தட்டிவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அந்த மனிதர் வாசித்து முடித்து என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் என்னை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்கள். குழந்தையின் விரல்களைத் தாய் என் பையிலிருந்து பிரித்தெடுத்தாள். அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டதையும் கவனித்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை பழைய கதைகளையே எழுதிவந்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் முப்பது வருடம் தட்டெழுதியது, கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தது, இவர் போய்ச் சேர்ந்தபின் தனியே இருப்பது என்று வாசகர்களுக்கு என் சரித்திரம் ஓரளவு மனப்பாடம். இன்று எழுதப்போவது அண்மையில் நடந்தது. இன்னும் ஆறவில்லை.

ஜன்னல் இல்லாத அறை

அறையில் ஒரு மேசை, மூன்று கதிரைகள், குளிரூட்டியின் இரைச்சல். சீருடை அணிந்த ஒரு பெண் அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒரு மகளின் வயதுதான் இருக்கும். சிங்களத்தில் கேள்விகள் தொடங்கின. முழுப்பெயர் என்ன. அந்தோனி மேரி ரீட்டா. தகப்பன் பெயர் அந்தோனியா. ஆமாம். முகத்துவாரத்தில் குடியிருந்திருக்கிறீர்களா. இல்லை. உங்கள் மேல் நீதிமன்றத்தில் வழக்கு ஏதாவது இருக்கிறதா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில் நான் நீதிமன்றப் படியே ஏறியதில்லை என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கணினித் திரையை என் பக்கமாகத் திருப்பினார்.

என்னுடைய படம். என்னுடைய அடையாள அட்டை இலக்கம். வெள்ளவத்தை மாடிவீட்டு முகவரி. அதற்குக் கீழே, சிவப்பு எழுத்தில், திறந்த பிடியாணை என்று இருந்தது. ஆளுக்குக் காயம் விளைவித்த வழக்கு, தவணைக்குச் சமுகமளிக்கவில்லை, நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கக் கூடாது. வழக்கு இருபது வருடத்துக்கும் மேல் பழையது.

“இது நான் இல்லை” என்றேன்.

“படம் உங்களுடையதுதானே அம்மா” என்றார்.

படம் என்னுடையதுதான். விரலும் என்னுடையதுதான். நான்தான் நான் இல்லை.

என் தங்கை தெரேசா சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு இருதய வால்வு மாற்றும் சத்திரசிகிச்சை. எங்களுக்கு வேறு சகோதரங்கள் இல்லை. இதையெல்லாம் அந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் சிவப்பு எழுத்தை அழிக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றார். தன்னுடைய மேலதிகாரியிடமும் இல்லையாம்.

விமானம் போனது. இறக்கிவைத்த என் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார்கள். தெரேசாவுக்கென்று சுற்றிவைத்த நெத்தலிக் கருவாட்டின் மணம் அந்த அறையை நிறைத்தது. வாக்குமூலம் எழுதி, வயதைப் பார்த்து, அடுத்த நாள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார்கள். கடவுச்சீட்டு அவர்களிடமே நின்றுவிட்டது. கையில் ஒரு ரசீதுதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய காலம்

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகள் ஞாபகத்துக்கு வந்தன. காலி வீதியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, வெயிலில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்போம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த பத்திரம் எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

ஒருநாள் ஒரு சிப்பாய் என் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அந்தோனி என்ற பெயர் தமிழா சிங்களமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், மகனே, வேலைக்குப் பிந்துகிறது என்றேன். சிரித்துவிட்டுப் போகவிட்டான்.

அந்தக் காலம் நல்லது என்று சொல்லவரவில்லை. அதே வரிசையிலிருந்து கூட்டிப்போகப்பட்டுத் திரும்பி வராதவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மாடியிலேயே ஒரு தாய் இன்னமும் காத்திருக்கிறாள். ஆனால் அன்று எதிரில் நின்றது ஒரு ஆள். கெஞ்சலாம், பொய் சொல்லலாம், அவனுடைய தாயை ஞாபகப்படுத்தலாம். இப்போது எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். திரையில் அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

சார்ஜன் சொன்ன குறுக்கு வழி

பொலிஸ் நிலையத்தில் எனக்கு வாய்த்த சார்ஜன் ஓய்வுக்குக் கிட்டவுள்ள மனிதர். மேசையில் ஒரு ரெப்லெட் கணினி வைத்திருந்தார். வீதியில் ஆட்களை மறித்து அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் வழக்கு, பிடியாணை எல்லாம் காட்டும் என்றார். என் இலக்கத்தைத் தட்டினார். அது கூர்மையாக ஒரு சத்தம் போட்டது. வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன நடந்திருக்கும் என்பதை அவர்தான் விளங்கப்படுத்தினார். பழைய பிடியாணைகள் எல்லாம் கடதாசியில் இருந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது அடையாள அட்டை இலக்கம் இல்லாதவற்றுக்குப் பெயரையும் பிறந்த வருடத்தையும் வைத்து இலக்கம் தேடிப் போட்டிருப்பார்கள். ஒரு அந்தோனி மேரி ரீட்டாவைத் தேடியவர்களுக்கு நான் அகப்பட்டிருப்பேன். நான் கடைசியாக வெளிநாடு போனது அதற்கு முன்னர் என்பதால் இதுவரை தெரியவரவில்லை.

நான் அந்த ஆள் இல்லை என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். வழக்குக் கோவையில் கைரேகை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்கு ஒரு மாதமாவது போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த உண்மையான ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அம்மா. அவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் உங்கள் விஷயம் ஒரே நாளில் முடியும்.”

கைபேசி இலக்கத்தையும் எழுதித் தந்தார்.

தண்ணீர்க் குழாயடிச் சண்டை

வெள்ளிக்கிழமை நீதிமன்றப் பதிவறைக்குப் போனேன். என்னோடு வந்தவர் எங்கள் மாடியிலிருக்கும் சட்டத்தரணி, சுபாஷினி. தூசிக்குத் தும்மித் தும்மி எழுதுவினைஞர் கோவையைத் தேடியெடுக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த நாலைந்து தாள்கள்.

முகத்துவாரத்தில் தோட்டம் என்று சொல்லும் ஒரு நெருக்கமான குடியிருப்பின் பொதுக் குழாயடியில் வரிசைச் சண்டை. அந்தோனி மேரி ரீட்டா என்ற பெண், மீன் விற்பவள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் வாளியால் அடித்திருக்கிறாள். மூன்று தையல். முதல் தவணைக்கு வந்தவள் இரண்டாம் தவணைக்கு வரவில்லை. அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மங்கலான நீல மையில் ஒரு பெருவிரல்.

அந்த விரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த முதல் யோசனை, இவள் எங்கேயிருக்கிறாள் என்பதுதான்.

இந்த இடத்தில் என் பழைய கந்தோர் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் சிப்பந்திகளின் பெயர்ப் பட்டியல் தட்டெழுதுவது என் பொறுப்பு. பத்திரத்தில் பெயருக்கென்று விட்டிருந்த கட்டம் சின்னது. நம்முடைய பெயர்கள் நீளம். கட்டத்துக்குள் அடங்காவிட்டால் நான் வெட்டுவேன். தகப்பன் பெயரை ஒரு எழுத்தாக்குவேன், கடைசி இரண்டு எழுத்தை விழுத்துவேன். ஒருமுறை நான் வெட்டிய பெயரால் ஒரு சிப்பந்தி ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்க முடியாமல் ஆறு நாள் கப்பலிலேயே இருந்தானாம். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, மிஸ், என் பெயரை முழுசா அடிங்க என்று மட்டும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டம் சின்னது என்றேன்.

முகத்துவாரம்

கோவையில் இருந்த தோட்டம் இப்போது இல்லை. இடித்து, ஆட்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் நான் தனியே ஓட்டோவில் போய் இறங்கினேன். எங்கே கேட்பது என்று எனக்குத் தெரியும். மீன் விற்பவளை மீன் விற்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும். மூன்றாவது ஆளே, மேரியக்காவா, அந்த மாடியில ஏழாவது தட்டு என்று கையைக் காட்டினாள்.

லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பக்கம் இழுத்துப்போன ஒரு மனிதர் படுத்திருந்தார். தரையில் உட்கார்ந்து அவருடைய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என்னைவிடக் கறுப்பு, என்னைவிட மெலிவு, கையில் வெட்டுக்காய வடுக்கள். முகத்தில் எங்கள் இருவருக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

என் பெயரைச் சொன்னேன். அவள் சிரித்தாள். என்ன மிஸ், என் பேரையே திருப்பிச் சொல்றீங்க என்றாள். ஒரே பெயருள்ள ஒருத்தி தேடி வந்ததைப் பெரிய விசேஷமாக எடுத்துக்கொண்டு, இஞ்சி தட்டிப் பிளேன்ரீ போட்டுத் தந்தாள். அதைக் குடித்துக்கொண்டேதான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

வழக்கு இருந்தது அவளுக்குத் தெரியும். இரண்டாம் தவணைக்கு முந்தின வாரம் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகக் கடவுச்சீட்டு வந்திருக்கிறது. அனுப்பிய ஏஜென்ட், இந்தச் சின்ன வழக்கையெல்லாம் யாரும் தேடமாட்டார்கள் என்றிருக்கிறான். எட்டு வருடம் கழித்து வந்தபோது யாரும் தேடவில்லை. அடிபட்ட பெண்ணும் செத்துப் பல வருடம்.

“அவ செத்த வீட்டுக்கு ரீ ஊத்தினதே நான்தான் மிஸ். நாங்க எப்பவோ ராசியாயிட்டோம்.”

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அண்மைக் காலமாகப் பொலிஸார் அந்த ரெப்லெட்டோடு மாடிக்குக் கீழே நின்று ஆட்களை மறிக்கிறார்கள். மேரியையும் மூன்று நாலு தடவை மறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்றே நின்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளுடைய இலக்கத்தைத் தட்டிவிட்டு, சரி, போ என்றிருக்கிறார்கள்.

“மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுது. மாதா மன்னிச்சிட்டான்னு நெனச்சேன்.”

மாதா மன்னிக்கவில்லை, அந்தக் குற்றம் என் இலக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கு விழுந்த அடிதான் இத்தனை நாளும் அவளுக்குக் குடையாக இருந்திருக்கிறது. என் பெயரிலிருந்து அதைக் கழற்றினால் அது நேரே அவள் தலையில் போய் விழும்.

அவள் அழவில்லை. என்னைத் தடுத்துக் கெஞ்சவும் இல்லை. கட்டிலைக் காட்டி, என்னை உள்ள போட்டா இவருக்கு யாரு என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு, உங்க தங்கச்சிக்கு எந்த நாள் ஒப்பரேசன் என்று கேட்டாள். வியாழன் என்றேன்.

இறங்கும்போது எனக்குப் பின்னால் பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

மூன்று நாட்கள்

சுபாஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் தானாக ஒரு சட்டத்தரணியோடு போய் நின்றால் நீதவான் பிடியாணையை மீளப்பெறக்கூடும் என்றாள். பொலிஸ் போய்ப் பிடித்தால் அது வேறு கதை, விளக்கமறியலில் உள்ளே வைக்கும் வரைக்கும் போகலாம் என்றாள். மேரியைச் சந்தித்துப் பேசத் தயார் என்றும் சொன்னாள். ஞாயிறு, மேரி முதல்நாள் தந்திருந்த பக்கத்து வீட்டு இலக்கத்துக்கு அழைத்து அவளிடம் இதைச் சொன்னேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அதன்பின் அந்த இலக்கம் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சார்ஜன் அழைத்தார். ஆள் கிடைத்தாரா என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் சொன்னதும் காது சுட்டது. நாளைக்குள் சொன்னால் புதன்கிழமையே நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்றார்.

செவ்வாய் பின்னேரம் தெரேசா வீடியோவில் வந்தாள். ஆஸ்பத்திரியில் அனுமதித்துவிட்டார்கள். தலைமயிரை இரண்டு பின்னலாகப் பின்னியிருந்தார்கள். அறுபது வயதுக்காரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

“அக்கா, நீ வந்தாத்தான் நான் ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள போவன்” என்றாள்.

“வருவன்” என்றேன்.

போனை வைத்தேன். குசினிக்குள் போய் ஒரு துண்டுத் தாளை எடுத்தேன். மேரியின் மாடியின் பெயர், ஏழாவது தட்டு, கதவு இலக்கம் எல்லாவற்றையும் சார்ஜனுக்கு விளங்கும்படி சிங்களத்தில், ஒவ்வொரு எழுத்தாக, வடிவாக எழுதினேன். தட்டெழுத்தாளரின் கை. வெட்டாமல், குறைக்காமல் முழுசாக எழுதினேன். அதைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நித்திரை வந்தது. அதுதான் இப்போதும் எனக்கு வெட்கம்.

புதன்கிழமை

காலை எட்டரைக்குப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். படியில் ஏறும்போதே கை பைக்குள் இருந்தது. தாளின் மடிப்பு விரலில் பட்டது.

உள்ளே வாங்கில் மேரி இருந்தாள். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை, கழுத்தில் மாதாப் படம் வைத்த உத்தரியம், மடியில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் மாற்றுடுப்பும் பல்துலக்கும் பிரஷும் தெரிந்தன. சிறைக்குப் போக ஆயத்தமாக வந்திருந்தாள். உங்களுடைய ஆள் தானாகவே வந்துவிட்டார் என்று சார்ஜன் சொன்னார். அவருக்கும் ஆச்சரியம்தான்.

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை இன்னும் பைக்குள்தான்.

“பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட அவரப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன்” என்றாள். “எனக்காகச் சொல்றதுக்கு உங்க லோயரம்மா வருவாங்களா மிஸ்?”

சுபாஷினி அரை மணித்தியாலத்தில் வந்தாள். பத்தரைக்கு நாங்கள் நீதவான் நீதிமன்றத்தில் இருந்தோம். மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. எங்களுக்கு முன்னால் இருபது வழக்குகளாவது இருக்கும். மேரியின் உதடுகள் செபமாலையில் அசைந்துகொண்டிருந்தன. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தோனி மேரி ரீட்டா என்று கூப்பிட்டார்கள்.

நாங்கள் இருவரும் எழும்பினோம்.

மன்றில் ஒரு சலசலப்பு. நீதவான் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். சுபாஷினி எழுந்து விளக்கினாள். சார்ஜனும் தான் அறிந்ததைச் சொன்னார். நீதவான் கோவையை வாங்கிப் புரட்டினார். அந்தப் பெருவிரல் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மேரி தன்னுடைய பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அடிபட்டவர் உயிரோடு இல்லை, இத்தனை வருடத்தில் வேறு வழக்கு இல்லை, தானாக வந்திருக்கிறார், கட்டிலில் நோயாளிக் கணவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீதவான் பிடியாணையை மீளப்பெற்று, மேரியைக் கடுமையாக எச்சரித்து விடுவித்தார். என் பெயரிலுள்ள பதிவை நீக்கும்படியும் கட்டளையிட்டார்.

கட்டளையின் பிரதிக்குக் காத்திருந்து வெளியே வந்ததும் மேரி மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். ஆனால் பிரதி கையில் கிடைத்தபோதே இரண்டு மணியாகிவிட்டது. அன்று இரவு ஒரு விமானம் இருந்தது. சுபாஷினியை அவளோடு விட்டுவிட்டு நான் ஓட்டோவுக்கு ஓடினேன்.

அடுத்த புதுப்பிப்பு

கணினியைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஒரு இளைஞர் என் கட்டளையை மிகக் கவனமாக வாசித்தார். சரியாக இருக்கிறது என்றார். உங்களுக்கு நடந்தது அநியாயம் என்றும் சொன்னார். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். ஆனால் பட்டியல் எல்லா இடத்துக்கும் புதுப்பிக்கப்படுவது திங்கட்கிழமைதானாம். அதற்கு முதல் போனால் கவுண்டரில் திரும்பவும் சிவப்புத்தான் வரும்.

நீதவான் என்னை விடுவித்தது பதினொன்றரைக்கு. மெஷின் என்னை விடுவிக்க இன்னும் ஐந்து நாள்.

வியாழன் காலை தெரேசாவைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவளுடைய புருஷன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவள் என்னைக் கோபிக்கவில்லை. அக்கா, வெளிக்கிட்டிட்டியா என்று கேட்டாள். மயக்கத்துக்கு முந்தின மருந்து கொடுத்திருந்தார்கள். ஓம், வந்துகொண்டிருக்கிறன் என்றேன். கதவு மூடியது.

ஐந்தரை மணித்தியாலம். குசினி வாங்கில் இருந்தேன். கீழே ரயில் போவதும் வருவதும் கேட்டது. எத்தனை போயின என்று தெரியாது. கடைசியில் தெரேசாவின் புருஷனின் அழைப்பு வந்தபோது போனை எடுக்க விரல் வரவில்லை. அது நின்று, திரும்ப அடித்தபோதுதான் எடுத்தேன். பிழைத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை, ரசீதைக் கொடுத்துக் கடவுச்சீட்டை மீட்டுக்கொண்டு நான் போனேன். வேறு கவுண்டர், வேறு அதிகாரி. கடவுச்சீட்டை மெஷினில் வைத்தார். திரையைப் பார்த்தார். முத்திரை குத்தித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் நகராமல் நின்றேன். போகலாம் அம்மா என்று அவர் இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருந்தது.

தெரேசா இப்போது நடக்கிறாள். மாடிப்படி ஏற மட்டும் விடுவதில்லை.

பிற்சேர்க்கையாக ஒன்று

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்தபோது அந்தத் துண்டுத் தாளைப் பற்றிய பந்தியை இரண்டு தடவை வெட்டினேன். பிறகு திரும்பச் சேர்த்தேன். மேரிக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அவளைச் சுற்றியிருப்பவர்கள் இந்த வார இதழை வாசிக்கிறார்கள். யாரோ ஒருத்தி வாசித்துக்காட்டி அவள் அதை அறிவதை நான் விரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முகத்துவாரத்துக்குப் போனேன். லிப்ட் வேலை செய்தது. மேரி அடுப்படியில் பாரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் சாய்ந்து உட்காருமளவுக்குத் தேறியிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அன்று காலை நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்தேன், முகவரி பைக்குள் இருந்தது, நீ முந்திக்கொண்டதால் கொடுக்கவில்லை என்று சொன்னேன். நீ எனக்காக வந்தாய், நான் உனக்கு இதைச் செய்யப் பார்த்தேன் என்றும் சொன்னேன். இதை எழுதியும் விட்டேன் என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. தலைப் பக்கத்தைத் தனியே ஒதுக்கிவைத்தாள்.

“உங்களுக்காக யாரு வந்தா?” என்றாள். “நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரிஞ்சுதானே நான் முந்திக்கிட்டு வந்தேன். சனிக்கிழமை நீங்க படி எறங்கினப்பவே தெரியும்.”

நான் தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தேன்.

“என் தங்கச்சின்னா நானும் சொல்லித்தான் இருப்பேன்” என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, இருந்து சாப்பிட்டுப் போகும்படி சொன்னாள்.

இருந்து சாப்பிட்டேன்.